மலை எங்கே முடிகிறது?

அரிட்டாபட்டிக் குன்றுகளில் ஒரு பிற்பகல் நடை

"உங்க நிலத்துக்குத் தண்ணி எங்கிருந்து வருது?" என்று நம்மில் யாரைக் கேட்டாலும் கிணறு என்போம், கண்மாய் என்போம், போர் என்போம். மானாவாரிக்காரர் வானத்தைக் காட்டுவார். மலையிலிருந்து வருகிறது என்று சொல்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் முப்பத்துநாலு வருடம் வங்கியில் இருந்தவன். ஆயிரக்கணக்கான பயிர்க்கடன் விண்ணப்பங்கள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 'பாசன ஆதாரம்' என்று ஒரு கட்டம் இருக்கும். கிணறு, ஆழ்துளைக் கிணறு, கால்வாய், கண்மாய், மானாவாரி. அவ்வளவுதான். மலை என்று எழுத அதில் இடமே கிடையாது.

ஆனால் மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் வரத்துக்காலைப் பிடித்து மேலே நடந்து பாருங்கள். இன்னொரு கண்மாயின் கலுங்கில் போய் நிற்பீர்கள். அந்தக் கண்மாயின் வரத்துக்காலைப் பிடித்து மறுபடி நடந்தால் வேறொரு கண்மாய். இப்படியே போனால் பல இடங்களில் கடைசியாக ஒரு பாறைக் குன்றின் அடியில் வந்து முட்டும்.

இதை ஒரே பிற்பகலில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து அரிட்டாபட்டியைப் போல இன்னொரு இடம் இல்லை. சென்ற மாசி மாதம், அறுவடை முடிந்து வேலை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில், அங்கே தனியாக ஒரு நடை போய் வந்தேன். பார்த்ததையும், பார்த்தபின் போட்ட கணக்கையும் நம் உழவர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

ஊரும் ஏழு குன்றும்

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், மேலூர் வட்டாரத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுதான். அரிட்டாபட்டி கிராமத்தில் 139.63 ஹெக்டேர், பக்கத்து மீனாட்சிபுரத்தில் 53.58 ஹெக்டேர், ஆக 193 ஹெக்டேர் சொச்சம். ஏக்கரில் சொன்னால் 477.

கழிஞ்சமலை, நாட்டார்மலை, கழுகுமலை, தேன்கூட்டுமலை என்று ஏழு குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. (கோவில்பட்டிப் பக்கத்துக் கழுகுமலை வேறு.) கொடைக்கானல் மாதிரி பச்சைப் போர்வை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். மொட்டைப் பாறை, இடுக்கில் ஒரு இச்சி மரம், அடிவாரத்தில் முள்ளும் புதருமாக ஒரு காடு. அவ்வளவுதான் முதல் பார்வைக்கு. வருவாய்க் கணக்கில் இம்மாதிரி நிலங்களுக்குத் 'தரிசு' என்றும் 'கல்லாங்குத்து' என்றும்தான் பெயர் இருக்கும்.

அரசு அறிவிப்போ வேறு கதை சொல்கிறது. இந்த ஏழு குன்றுகளும் சேர்ந்து 72 நீர்நிலைகளுக்கும், 200 இயற்கைச் சுனைகளுக்கும், 3 தடுப்பணைகளுக்கும் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்பாக விளங்குகின்றன என்கிறது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள். அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாறையைக் குடைந்த சிவன் கோயில். இத்தனையும் 477 ஏக்கருக்குள்.

இரண்டு மணி வெயிலில்

மேலூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஊருக்குள் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. டீக்கடையில் சொல்லிவிட்டு, ரெண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு தொப்பியும் ஒரு குச்சியுமாகக் கிளம்பினேன். "சாயங்காலம் போங்க சார், இப்ப பாறை கொதிக்கும்" என்றார் கடைக்காரர். அந்தக் கொதிப்பைத்தான் பார்க்க வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் எந்த மண்ணில் ஈரம் நிற்கிறது, எதில் நிற்கவில்லை என்பது தெரியும். காலையில் பனி எல்லாவற்றையும் மூடிவிடும்.

தனியாகப் போனதற்கும் காரணம் உண்டு. நாலு பேர் சேர்ந்து போனால் பேச்சு சுவாரஸ்யத்தில் கால் நடக்கும், கண் நடக்காது. தனியாகப் போனால் நின்ற இடத்தில் நிற்கலாம், உட்கார்ந்து மண்ணைக் கிளறலாம்.

முதலில் கண்மாய்க் கரை. இங்குள்ள நீர்நிலைகளில் ஆனைகொண்டான் கண்மாய் பேர்பெற்றது. 16ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் அமைத்தது என்று அரசு அறிவிப்பு குறிப்பிடுகிறது. கரையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் தண்ணீர், அதற்குப் பின்னால் பாறை. மறுபக்கம் மடை, மடைக்குக் கீழே வயல். மூன்றும் ஒரே பார்வைக்குள் வந்துவிடுகின்றன. மலை, கண்மாய், வயல் என்று நாம் தனித்தனியாகப் பேசுவதை அந்த ஊர்க்காரர்கள் தனித்தனியாகப் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்று அந்தக் கரையில் நின்றபோது தோன்றியது.

அடிவாரச் சரிவு சொல்லித் தந்தது

கரையை விட்டு இறங்கி வரத்துப் பாதையில் மேலே நடந்தேன். பாறைக்கும் கண்மாய்க்கும் நடுவே ஒரு சரிவு. இங்கேதான் அந்தப் பிற்பகலில் பாதி நேரம் போயிற்று.

உசிலை, வெப்பாலை, காரை, சூரை, ஆவாரை, நடுநடுவே நொச்சியும் எருக்கும் வேம்பும். நாம் ஐந்திலைக் கரைசலுக்குத் தேடிப் போகிற தழைகள் இங்கே வரிசை கட்டி நிற்கின்றன. ஆடு கடிக்காதது, கடித்தாலும் கசப்பது, ஒடித்தால் பால் வடிவது. பூச்சியை விரட்ட நாம் ஏன் இந்தச் செடிகளைத் தேர்ந்தெடுத்தோம் என்பதற்கு விளக்கம் இந்தச் சரிவிலேயே இருக்கிறது. ஆடும் மாடும் தினமும் மேயும் இடத்தில் பிழைத்து நிற்கிற செடிகள் இவை. உசிலைத் தழையை நம் தாத்தா காலத்தில் வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தார்கள். யூரியா வந்தபிறகு அது தலைக்குத் தேய்க்கிற அரப்பாக மட்டும் மிஞ்சியது.

ஓர் உசிலை மரத்தடியில் குந்தி, உதிர்ந்த தழையை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டேன். ரெண்டு விரற்கடைக்குக் கீழே குளுமை. விரலில் மண் ஒட்டியது. கையெட்டும் தூரத்தில் தழை மூடாத வெற்றிடத்தில் அதே ஆழத்துக்குக் கீறினேன். புழுதி. மாசி மாதம், இரண்டரை மணி வெயில், ஒரே சரிவு, ஒரே மண். வித்தியாசம் அந்தத் தழை மெத்தை மட்டுமே. மூடாக்கு பற்றி எத்தனையோ பயிற்சிகளில் கேட்டிருக்கிறோம், நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எவரும் தண்ணீர் பாய்ச்சாத, எரு போடாத ஒரு மலைச் சரிவு அதைச் செய்து காட்டும்போது மனசில் பதிகிற மாதிரி வேறெதுவும் பதிவதில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். ஓரிடத்தில் வண்டித்தடம் ஒன்று சரிவுக்கு நேராக, மேலிருந்து கீழே போயிருந்தது. அந்தத் தடம் இப்போது முழங்கால் ஆழத்துக்கு அரித்து ஓடையாகிவிட்டது. அதன் வாயில் ஒரு விசிறி மாதிரி மணல் குவிந்து கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி ஆட்டுத்தடம் ஒன்று சரிவுக்குக் குறுக்காகப் போகிறது. அதில் அரிப்பு இல்லை. தடத்தின் கீழ்விளிம்பில் புல் கட்டி, சின்ன வரப்பு மாதிரி ஆகியிருக்கிறது. சரிவான நிலத்தில் குறுக்கே உழ வேண்டும், கல் வரப்பு போட வேண்டும் என்பதற்கு இதைவிடப் படம் வேண்டாம்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து இருக்கும்.

"என்ன தம்பி, மண்ணைத் தோண்டிப் பாக்குறீக? சர்வே ஆளா?"

"இல்லாத்தா, நானும் சம்சாரிதான். ஈரம் நிக்குதான்னு பாத்தேன்."

"அதானே. முந்தி ஒரு தடவ இப்பிடித்தான் மிஷினோட வந்து தோண்டுனாகன்னு சொன்னாக. அதுலருந்து யார் குனிஞ்சாலும் பயமா இருக்கு."

சர்வே ஆள் இல்லை என்று தெரிந்ததும் பேச்சு இலகுவானது. சுனைக்கு வழி கேட்டேன். "இந்தப் பக்கமா ஏறுங்க. பாத்துக் கால வைங்க. சித்திரையிலயும் ஒரு செம்பாவது தண்ணி கெடக்கும் அதுல. ஆட்டுக்கு மட்டுமில்ல, மயிலுக்கும் அதான், கீரிக்கும் அதான்." அவர் காட்டிய பாறை இடுக்கில் போய்ப் பார்த்தேன். ரெண்டு பாறை சேருகிற வெடிப்பில், ஒரு அண்டா அளவுக் குழியில் தெளிந்த தண்ணீர். வெடிப்பின் மேல்விளிம்பில் பாசி. பாறை வெறும் மூடி என்று நினைக்கிறோம். அதன் உடம்பெல்லாம் கீறல். பெய்த மழையில் ஒரு பங்கு அந்தக் கீறல்களுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வருகிறது. ஓடுகிற தண்ணீர் கண்மாய்க்கு, கசிகிற தண்ணீர் சுனைக்கும் கிணற்றுக்கும். வங்கிப் பாஷையில் சொன்னால் ஒன்று நடப்புக் கணக்கு, இன்னொன்று வைப்புநிதி.

நெல்வேலிக்காரர் கொடுத்த குகை

இன்னும் மேலே ஏறினால் சமணர் இருந்த குகைத்தளம். குகையின் நெற்றியில் பாறையை நீளவாக்கில் ஒரு காடியாக வெட்டியிருக்கிறார்கள். மேலிருந்து வழிகிற மழைநீர் குகைக்குள் இறங்காமல், அந்தக் காடியில் தட்டி வெளியே சொட்டிவிடும். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகள் பலவற்றிலும் இந்த நீர்வடி விளிம்பைப் பார்க்கலாம். ஒரு விரற்கடைக் காடிதான், இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இரண்டாயிரத்து இருநூறு வருடப் பழமை கொண்டது. நெல்வேலி என்ற ஊரைச் சேர்ந்த வெளியன் என்பவர் இந்தக் குகையைச் செய்து கொடுத்தார் என்று அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பேரில் நெல் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். பின்னால் 9, 10ஆம் நூற்றாண்டு வாக்கில் அதே மலையில் தீர்த்தங்கரர் உருவமும் வட்டெழுத்தும் வந்தன. குன்றின் இன்னொரு பக்கம் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில், அதில் அபூர்வமான இலகுலீசர் சிற்பம். சமயம் மாறியிருக்கிறது, அரசு மாறியிருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் இந்தப் பாறையில் எழுதினார்கள், செதுக்கினார்கள், குடைந்தார்கள். ஆனால் மலையை மலையாகவே விட்டுவிட்டுப் போனார்கள்.

மேலே இருந்து பார்த்தால்

நாலு மணிக்கு மேட்டில் ஓர் இடத்தில் உட்கார்ந்தேன். செங்குத்தான பாறை முகப்பிலிருந்து ஒரு வல்லூறு கிளம்பி, இறக்கையை அடிக்காமல் வயல்வெளிக்கு மேலே வட்டமிட்டது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லி கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள் இங்கே இருப்பது இந்தத் தலத்துக்கே தனிச் சிறப்பு. லகர் வல்லூறு உலக அளவில் எண்ணிக்கை குறைந்துவருகிற பறவை. இவை கூடு கட்டுவது மனிதர் எட்டாத பாறை விளிம்பில், இரை தேடுவது கீழே சமவெளியில். எலியும் ஓணானும் புறாவும் இருக்கிற வயல்காடு இல்லாவிட்டால் பாறையில் கூடு இருந்தும் பிரயோசனம் இல்லை. வயலில் விஷம் தெளித்தால் அது எலி வழியாகவும் சிறு பறவை வழியாகவும் மேலே இந்தக் கூடு வரைக்கும் ஏறும். கீழே இயற்கை விவசாயம் செய்கிற ஒருவர் மேலே ஒரு வல்லூறுக் குடும்பத்தையும் காப்பாற்றுகிறார் என்று சொன்னால் மிகையில்லை.

அங்கிருந்து பார்த்தால் கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக மினுங்குகின்றன. நான் எண்ணியது பதினொன்று. ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்து. இந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டே, பையிலிருந்த துண்டுக் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டேன். பழைய தொழில் விடாது.

ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். ஏக்கருக்கு 40 ஆயிரம் லிட்டர். இதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம், நீளம் அகலம் உயரம் பெருக்கினால் போதும். அப்படியானால் 193 ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஒரு கோடியே 93 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் பிடித்தால் 1,600 லாரி. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 85 சென்டிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் 164 கோடி லிட்டர். இதில் ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கு செடிகொடி குடிக்கும், ஒரு பங்கு பாறைக் கீறலில் இறங்கும், மிச்சம் ஓடி வந்து கண்மாயில் விழும். பாதிதான் நமக்கு என்று வைத்தாலும் 80 கோடி லிட்டருக்குக் குறையாது. மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம், மானியம் வேண்டாம். 'தரிசு' என்று எழுதிவைத்த நிலம் தருகிற வரவு இது.

கோடு எங்கே போடுவது?

இதே மேட்டிலிருந்து பார்க்கிற நிலத்தைத்தான் 2024இல் டங்ஸ்டன் கனிமத்துக்காக ஏலம் விட்டார்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று பேர். பரப்பு 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஐயாயிரம் ஏக்கர். பாரம்பரியத் தலத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். தலமும் அதற்குள் அடக்கம். 2024 நவம்பரில் ஒரு தனியார் நிறுவனம் ஏலம் எடுத்த செய்தி வந்தபிறகு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். கிராம சபைத் தீர்மானங்கள், கடையடைப்பு, டிசம்பர் 9இல் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்த பேரணி. ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

நடுவில் நடந்த ஒரு விஷயத்தைத்தான் நாம் கவனித்து ஞாபகத்தில் வைக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஒரு யோசனை சொன்னது. பல்லுயிர்த் தலமாக அறிவித்த 193 ஹெக்டேரை மட்டும் தொகுதியிலிருந்து விலக்க முடியுமா என்று பார்க்க, எல்லையை மறுஆய்வு செய்யும்படி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் கேட்டது. காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத் தெரியும். பத்தில் ஒரு பங்கு விலக்கு, மலை பத்திரம், கல்வெட்டு பத்திரம், பறவை பத்திரம்.

ஊர்க்காரர்கள் அதை ஏற்கவில்லை. ஒரு பங்கை விலக்கினால் போதாது, முழுத் திட்டத்தையும் ரத்து செய் என்றார்கள். ஏன் என்பது அந்த மேட்டில் உட்கார்ந்தால் ஒரு நிமிடத்தில் புரியும். மலையிலிருந்து புறப்படுகிற தண்ணீர் 193 ஹெக்டேர் எல்லைக் கல்லோடு நிற்பதில்லை. வரத்துக்கால் எல்லைக்கு வெளியே, கண்மாய் வெளியே, மடை வெளியே, வயல் வெளியே, வல்லூறு இரை தேடுகிற வெளியும் வெளியே. மலையை விட்டுவிட்டு அடிவாரத்தைத் தோண்டுவது, வங்கிப் பெட்டகத்தைப் பூட்டிவிட்டுக் கிளைக் கட்டடத்தை இடிப்பது மாதிரி. மலையடிவாரத்தில் ஆழக் குழி விழுந்தால் மேலே இருந்து ஓடிவருகிற தண்ணீருக்கும் பாறைக் கீறலில் கசிகிற தண்ணீருக்கும் அந்தக் குழிதான் கண்மாய். மேலூர் வட்டாரம் கிரானைட் குவாரிகளில் இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

மலை எங்கே முடிகிறது என்று கேட்டால் பாறை முடிகிற இடம் என்பார் நில அளவையர். அதன் தண்ணீர் கடைசியாகப் பாய்கிற வயலின் வரப்பு என்பதுதான் உழவனின் பதிலாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் என் நாலரை ஏக்கரும் அப்படித்தான் ஏதோ ஒரு குன்றின் வால்.

எல்லாம் இனிப்பு இல்லை

ஒன்றை மறைக்கக் கூடாது. மலையடியில் விவசாயம் செய்கிறவர்களுக்குக் கஷ்டமும் உண்டு. இறங்கி வருகிற வழியில், கடலைக்கொல்லையில் சேலையை வேலியாகக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்: "மலை வேணும்ணே, மயில்தான் வேணாம். வெதச்ச மூணாம் நாள் பொறக்கிப்புடுது." பன்றித் தொல்லையும் சேர்ந்தால் ராத்தூக்கம் போச்சு. பல்லுயிர் என்று பேசுகிற நாம் இந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுகிறோம் என்பதையும் பேசியாக வேண்டும். இழப்பீடு காலத்தில் வர வேண்டும், அலையவிடாமல் வர வேண்டும். மலை ஊருக்கெல்லாம் தண்ணீர் தருகிறது, நஷ்டத்தை மட்டும் அடிவாரத்துக்காரர் ஒருவரே சுமப்பது நியாயமில்லை.

அதேபோல, பாரம்பரியத் தலம் என்று அறிவித்தால் ஆடு மேய்க்க விடமாட்டார்கள், விறகு பொறுக்க விடமாட்டார்கள் என்ற பயமும் பல ஊர்களில் எழுகிறது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி, உள்ளாட்சி அமைப்பைக் கலந்துதான் மாநில அரசு இப்படி அறிவிக்க முடியும். ஊர் மக்கள் தாமாக முன்வந்து ஏற்கும் கட்டுப்பாடுகளைத் தவிர, அவர்களுடைய வழக்கமான பயன்பாட்டுக்குத் தடை வரக் கூடாது என்பதே இதற்கான வழிகாட்டு நெறி. இது சரணாலயம் மாதிரியான ஏற்பாடு கிடையாது. 2025இல் நத்தம் பக்கம் காசம்பட்டியில் 5 ஹெக்டேருக்கும் குறைவான ஒரு கோயில்காடு இரண்டாவது தலமாக அறிவிக்கப்பட்டது. பெரிய மலைதான் வேண்டும் என்பதில்லை, உங்கள் ஊர்க் கோயில்காடும் போதும்.

உங்கள் மலைக்கு ஒரு நடை

அரிட்டாபட்டிக்குப் போய் வாருங்கள் என்று சொல்வதைவிட, உங்கள் தண்ணீர் புறப்படுகிற இடத்துக்குப் போய் வாருங்கள் என்று சொல்வதே என் விருப்பம். அந்த நடைக்குப் பிறகு எங்கள் ஊரில் ஆயக்கட்டுக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து எங்கள் கண்மாயின் வரத்துக்காலைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருக்கிறோம். எங்கே சீமைக்கருவேல் அடைத்திருக்கிறது, எங்கே மண் மேடிட்டிருக்கிறது என்று குறித்து வருகிறோம். நீங்களும் செய்யலாம். சில குறிப்புகள்:

1. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் கிராம வரைபடத்தில் வரத்துக்கால், ஓடை, கண்மாய் மூன்றையும் பார்த்துக் கொள்ளுங்கள். வரைபடத்தில் இருந்து தரையில் இல்லாத ஓடை எது என்று நடந்தால்தான் தெரியும்.

2. மாசி, பங்குனியில் பிற்பகலில் நடங்கள். அப்போது ஈரம் இருக்கிற இடம் உண்மையான ஈரம். மழைக்காலத்தில் ஒருமுறை, மழை விட்ட ஒரு மணி நேரத்தில் போனால் தண்ணீர் ஓடும் பாதை அப்படியே தெரியும். ஆனால் ஈரப் பாறையில் ஏறாதீர்கள்.

3. தனியாகப் போனால் ஊரில் ஒருவரிடம் எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீர், தொப்பி, குச்சி, மூடிய செருப்பு. பொழுது சாயும் முன் இறங்கிவிட வேண்டும்.

4. மாசி, பங்குனி வேட்டைப் பறவைகள் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் காலமும்கூட. பாறை விளிம்புக் கூடுகளுக்குக் கிட்டே போகாதீர்கள். கல்வெட்டில் சுண்ணாம்பு, சாக்பீஸ் எதுவும் தடவாதீர்கள்.

5. ஆடு மேய்ப்பவர்களிடம் பேசுங்கள். எந்தச் சுனை எந்த மாதம் வற்றும் என்ற கணக்கு அவர்களிடம் இருக்கிறது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

6. உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதியிருக்கிறார்களா என்று கிராம சபையில் கேளுங்கள். சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்க வேண்டியது அது. நீங்கள் நடந்து குறித்த சுனை, ஓடை, மரம், பறவை எல்லாம் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடுகிறது. அரிட்டாபட்டிக்காரர்களுக்கு ஏலச் செய்தி வந்தபோது கையில் ஒரு பட்டியல் தயாராக இருந்தது. இத்தனை கண்மாய், இத்தனை சுனை, இத்தனை பறவை, இந்தக் கல்வெட்டு என்று அடுக்க முடிந்தது. மற்ற ஊர்க் குன்றுகளுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. அடுத்த ஏலம் எந்தக் குன்றுக்கு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. மார்ச் 22க்குள் உங்கள் வரத்துக்காலை ஒருமுறை நடந்துவிடுங்கள். கிராம சபைக்கு வரும்போது கையில் அந்தப் பட்டியல் இருக்கட்டும்.